முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு நற்சான்றிதழ்

பாளையங்கோட்டையில் சபை நடத்தும் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சிறுவகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளை கையில் ஒரு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். எத்தனை சேட்டைக்காரனாக இருந்தாலும் எழுத ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிடும். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கே அப்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், ராலேக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு சபை நடத்துகிற பாலர் பள்ளி அது. மூன்று வயதுப் பேரன் செப்டம்பரில் அங்கே சேர்ந்தான். நான் அக்டோபரில் போய்ச் சேர்ந்தேன். மார்ச் மாதம் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் எழுதப்போகும் பாராட்டில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் நானே கண்ணால் பார்த்தது.

முதல் பாராட்டு அவர்களுடைய விதிப் புத்தகத்துக்கு. முப்பத்தெட்டுப் பக்கம், கம்பிச் சுருள் போட்டது. மகள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். எங்கள் பள்ளியில் இப்படி ஒன்று கிடையாது. ஒரு மணி, ஒரு வருகைப் பதிவேடு, மேசை டிராயரில் டிங்சர் புட்டியும் பஞ்சும், அவ்வளவுதான். யார் விழுந்தான், யார் தள்ளினான் என்பதெல்லாம் டீச்சர் ஞாபகத்தில் இருந்தால் உண்டு. டீச்சர் மாறினால் அதுவும் போச்சு. இங்கே எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எழுதி வைப்பது பெரிய குணம் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒன்பதாம் பக்கம் காய்ச்சல். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். மருந்து கொடுக்காமலே இருபத்துநான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பி வரலாம். நல்ல விதி. நாங்கள் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, ‘லேசாச் சுடுது, பரவாயில்ல’ என்று உட்கார வைத்துவிடுவோம். அந்தப் ‘பரவாயில்ல’யில் ஒரு வகுப்பே படுத்த வருஷங்கள் உண்டு. இங்கே காலையில் வாசலிலேயே ஒரு பெண் சிறு கருவியை நெற்றிக்கு நேராகப் பிடிக்கிறாள். எண்ணைப் படித்து நோட்டில் எழுதுகிறாள். பேரனை அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் ஐந்து தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து தடவையும் தேதி, நேரம், டிகிரி, யார் போன் செய்தது, யார் வந்து அழைத்துப் போனது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. பிறகு அதைக் கேட்டபோது ஒரு வரிகூட விடாமல் நகல் எடுத்துத் தந்தார்கள். அப்படி ஒரு பதிவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அந்தக் கருவி பிள்ளைகளுக்கு மட்டும். ஜனவரியில் வகுப்பு உதவியாளர் பெண் ஒரு வாரம் முழுக்க இருமிக்கொண்டே வேலை பார்த்தாள். முழங்கையில் முகத்தைப் புதைத்து இருமுவாள், பிறகு கையைக் கழுவுவாள். அவளைக் குறை சொல்ல என் நாக்கு வராது. சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. வட கரோலினாவிலும் தனியார் வேலைக்கு அப்படி ஒன்றில்லை. அந்த நாட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குக் கூலி மணிக்குப் பதினைந்து டாலர் அளவில்தான் நிற்கிறது. லீவு போட்டால் அன்றைய கூலி போகும். அவளும் ஒரு தாய். இருமலோடு வந்தது விசுவாசத்தால் அல்ல, வாடகைக்காக. முப்பத்தெட்டுப் பக்கத்தில் டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்ற பக்கம் இல்லை.

பேன் விஷயத்தில் அவர்களைப் போல் கண்டிப்பானவர்களைப் பார்க்க முடியாது. பேன் மட்டுமல்ல, ஒரு ஈர் இருந்தாலும் பிள்ளை வகுப்புக்குள் வரக்கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒன்று அதே வகுப்பு. அவளைப் பத்து நாள் வெளியே நிறுத்தினார்கள். நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போய் வெயில் விழும் ஜன்னலோரம் பிள்ளையை மடியில் சாய்த்து, ஊரிலிருந்து கொண்டுபோன பேன்சீப்பால் வாரிவிட்டேன். மூன்றாம் நாளே பேன் ஒன்றுகூட இல்லை. காய்ந்த ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெறும் ஓடு, யாருக்கும் தொற்றாது என்பது தலைவாரிவிட்ட எந்த ஆச்சிக்கும் தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அதையேதான் சொல்கிறது. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அனுப்பக் கூடாது, ஈர் பார்த்துத் தடுக்கும் விதிகளைக் கைவிட வேண்டும் என்று வருஷக் கணக்காகச் சொல்லி வருகிறது. பள்ளியின் கண்டிப்பு மருத்துவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தப் பத்து நாளும் பிள்ளையின் அம்மா வேலைக்குப் போகவில்லை.

வாசல்தோறும் கைக்குத் தேய்க்கும் திரவம் வைத்திருந்தார்கள். நல்ல வாசனை. வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் வருகிற நோரோ வைரஸுக்கு அது அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கை கழுவும் தொட்டி தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது, மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.

தடுப்பூசி அட்டை கேட்டார்கள். மகள் கொடுத்தாள். போடாத பிள்ளைகளும் அங்கே உண்டு. அந்த மாநிலத்தில், ‘எங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது’ என்று பெற்றோர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கென்று ஒரு படிவம்கூடக் கிடையாது. கொடுக்கிற கடிதத்தை மரியாதையோடு வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள். யாரையும் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை. தட்டம்மை அந்த நாட்டை விட்டே போய்விட்டது என்று 2000இல் அறிவித்தார்கள். 2025இல் மேற்கு டெக்சாஸில் திரும்ப வந்து 762 பேருக்குத் தொற்றியது, பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இறந்து போனார்கள். அந்த நோய் உள்ளவர் எழுந்து போன பிறகும் அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் நிற்கும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். வாசலில் பிடிக்கிற கருவிக்கு அந்த நான்கு நாளும் முழுதாகப் பிடிபடாது. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் செருகியதைப் பார்த்திருக்கிறேன். அது மருந்து அல்ல, ‘இங்கே நோய் இருக்கிறது, தள்ளிப் போ’ என்கிற அறிவிப்பு. கோப்புக்குள் இருக்கிற கடிதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் அம்மாவுக்கு அந்த அறிவிப்பைக்கூடத் தராது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவு எந்நேரமும் பூட்டியிருக்கும். எண் தட்டினால்தான் திறக்கும். பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று பட்டியல் உண்டு. அதில் என் பெயரைச் சேர்த்தார்கள். நான் தினமும் என் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முதல் நாள் பார்த்ததுபோலவே தொண்ணூறாம் நாளும் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் பேரனைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கவனத்துக்கு நான் கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு பிள்ளைகூட அங்கே தவறான கைக்குப் போகாது.

2023 மார்ச் 27 அன்று நாஷ்வில் நகரத்தில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையின் பள்ளியிலும் கதவு பூட்டித்தான் இருந்தது. பாலர் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. வந்தவர் கண்ணாடிக் கதவைச் சுட்டு உடைத்து உள்ளே போனார். ஒன்பது வயதுப் பிள்ளைகள் மூன்று பேர், பெரியவர்கள் மூன்று பேர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 29 அன்று, ராலேயில் வட கரோலினா சட்டமன்றம் ஆளுநரின் மறுப்பைத் தள்ளி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பள்ளியும் ஆலயமும் ஒரே வளாகத்தில் இருந்தால், பள்ளி நடக்காத நேரத்தில், உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்து வரலாம் என்பது அதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர் அப்படி வரலாம். திங்கட்கிழமை அதே கட்டடத்தில் என் பேரனின் சாப்பாட்டுப் பையைத் திறந்து, வேர்க்கடலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். கடலை பார்த்தது சரிதான். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர் விஷயம்.

இனி நேரம் தவறாமை. இந்தப் பாராட்டைத்தான் நான் மனசாரச் சொல்ல விரும்புகிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும், மதியம் ஒரு மணிக்குப் பள்ளி முடிந்துவிடும். ஒரு மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு டாலர் அபராதம். ஒரு நாள் மழையில் நடந்து போக எனக்கு ஆறு நிமிஷம் தாமதமாகிவிட்டது. பேரன் கோட்டும் தொப்பியும் போட்டுப் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஆறு டாலருக்கு அழகாக ரசீது கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மணி அடித்த பிறகும் வராத அம்மாக்களுக்காக நான் நாலரை வரை வராந்தாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். ‘இவ்வளவு ஒழுங்கா இருக்காங்களே’ என்று மகளிடம் வியந்தேன்.

அந்த ஒழுங்குக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. வட கரோலினாச் சட்டப்படி, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால்தான் அது குழந்தைக் காப்பகம். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் காப்பகமே இல்லை. காப்பக உரிமம் வேண்டாம். உரிமம் கொடுக்கிற துறையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுகிற ஆய்வாளர் இல்லை. எத்தனை பிள்ளைக்கு எத்தனை டீச்சர் என்று காப்பகங்களுக்கு இருக்கிற எண்ணிக்கையும் கட்டுப்படுத்தாது. அந்த எண்ணிக்கை ஒன்றும் கடுமையானதல்ல, மூன்று வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஒரு டீச்சர் என்று மாநிலம் விட்டிருக்கிறது. பதினைந்து மூன்று வயதுகளை ஒற்றை ஆளாய் மேய்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த அளவுகூட இங்கே சட்டம் கேட்கவில்லை. ஒன்பதிலிருந்து ஒன்று வரை சரியாக நான்கு மணி நேரம். ஒரு நிமிஷமும் மிகாமல் காத்தார்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் நடத்துகிற சபைக் காப்பகங்களுக்கும் அந்த மாநிலம் தனி வழி வைத்திருக்கிறது. ஊழியர்களின் படிப்பு, பயிற்சி என்று மற்றவர்களுக்கு உள்ள விதிகளில் சில அவர்களுக்கு இல்லை. காப்பகங்களில் பிள்ளைகளை அடிக்கத் தடை உண்டு. ஆனால், ‘உடல் தண்டனை எங்கள் மதப் பயிற்சியின் ஒரு பகுதி’ என்று ஒரு சபைக் காப்பகம் அரசுக்கு எழுதிக் கொடுத்து, தன் ஒழுக்க விதியிலும் அதைச் சொல்லிவிட்டால், தடை விலகிவிடும். மகள் இதை வாசித்துச் சொன்ன இரவு எனக்குத் தூக்கமில்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பிரம்பு வைத்திருந்தேன். அடித்தும் இருக்கிறேன். அதை ஜெபத்தில் சொல்லி அழுதிருக்கிறேன். அதைச் சட்டத்தில் எழுதி வேதத்தின் பேரில் வைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

பேரனின் பள்ளியில் அடி கிடையாது. ஒருவர்கூடப் பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை, குரல் உயர்த்தியதும் இல்லை. அவர்கள் ஒழுக்கத்துக்கு வைத்திருந்தது இருபத்துநான்காம் பக்கம். மென்மையான கைகள், அன்பான வார்த்தைகள், கேட்கும் காதுகள் என்று மூன்று படம் போட்டிருக்கும். இன்னொரு பிள்ளைக்குக் காயம் உண்டாக்கினால் சம்பவ அறிக்கை. மூன்று அறிக்கை ஆனால், ‘உங்கள் பிள்ளைக்கு எங்கள் பள்ளி பொருத்தமானதுதானா என்று சேர்ந்து ஜெபிப்போம்.’

பேரன் வீட்டில் தமிழ்தான் பேசுவான். அதுவும் வயதுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான். ‘ஆச்சி’, ‘தண்ணி’, ‘வண்டி ஓட்டு’ என்று துண்டு துண்டாய் வரும். ஆங்கிலம் வகுப்பில் வரட்டும் என்று விட்டிருந்தோம். வகுப்பில் ஒரு சிவப்பு லாரி உண்டு, அவன் உயிர் அது. நவம்பரில் அதை ஒருவன் பிடுங்கினான், இவன் கடித்துவிட்டான். ஜனவரியில் இன்னொரு தரம். மார்ச் முதல் வாரத்தில் மூன்றாம் தரம்.

அந்த அறிக்கைத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். நல்ல தாள், மூன்று வண்ணத்தில் மூன்று நகல். ஒரு பிள்ளையின் உடம்பு முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுப் படமாக வரைந்திருக்கும். எங்கே காயம் என்று வட்டம் போட வேண்டும். மூன்றிலும் இடது முன்கையில் அளவான வட்டம். நேரம் 11.20, 10.45, 11.05. ‘தோல் கிழியவில்லை, பல் தடம் உண்டு, ஐஸ் வைக்கப்பட்டது.’ கடி வாங்கிய பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாளின் நடுவில் ஒரு கட்டம். ‘சம்பவத்துக்கு முன் என்ன நடந்தது?’ மூன்று தாளிலும் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அடியில் குறிப்பு என்று ஒரு வரி. மூன்றிலும் ஒரே குறிப்புதான். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

“சொன்னா கேக்க மாட்டேங்கானாம், அம்மா.”

எனக்கும் கோபம் வந்தது. அவனை மடியில் இழுத்து உட்கார வைத்து, “டீச்சர் சொல்றதைக் கேக்கணும் மக்கா, கேக்கலேன்னா எப்படி?” என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கேக்கல ஆச்சி” என்றான். “கேக்கலதான், அதான் சொல்லுதேன்” என்று இன்னும் கொஞ்சம் கண்டித்தேன்.

போகச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. டைரக்டர் அம்மா எங்களைத் தம் அறையில் உட்கார வைத்தார். காபி கொடுத்தார். மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க ஜெபித்தார். அது நடிப்பு இல்லை. ஜெபம் உண்மையா இல்லையா என்று எனக்குத் தெரியும், நானும் ஆமென் சொன்னேன். பேரனின் மாற்று உடுப்பைத் துவைத்து மடித்து, அவன் வரைந்த படங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பெயர் ஒட்டிய கிரேயான் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சாக்ஸ்கூடத் தொலையவில்லை. மாதத்தின் மிச்ச நாட்களுக்கு உள்ள கட்டணம் பதினோராம் பக்கத்தின்படி திரும்ப வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பேரன் கையசைத்தான். மறுநாள் காலையில் அவனே போய் ஷூவை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

இது எங்கள் பிள்ளைக்கு மட்டும் நடந்ததில்லை. 2005இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் அமெரிக்காவில் நாற்பது மாநிலங்களில் அரசு உதவியோடு நடக்கும் பாலர் வகுப்புகளை ஆராய்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் வெளியேற்றப்படும் விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாலர் வகுப்புப் பிள்ளைகள் வெளியேற்றப்படுகிறார்கள் என்று கண்டார். ஆயிரத்துக்கு ஆறு ஏழு பிள்ளைகள். அரசுப் பள்ளிக் கட்டடங்களில் நடந்த வகுப்புகளில் இது குறைவு. சபை சார்ந்த நிலையங்களும் லாபத்துக்கு நடத்துகிற நிலையங்களும்தான் அதிகம் வெளியேற்றிய வரிசையில் இருந்தன. பிள்ளையின் நடத்தையைப் பார்த்து டீச்சருக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆள் வகுப்புக்கு வந்துபோகிற இடங்களில் வெளியேற்றம் குறைந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கடிக்கிற மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேவை அந்த ஓர் ஆள்தான். நான் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பேச்சு வந்ததும் பல் நின்றுவிடும்.

ஏப்ரலில் குழந்தை மருத்துவர் அவன் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் செவிப்பறைக்கு உட்புறம் நீர் தங்கியிருக்கிறது என்றார். அடுத்தடுத்துச் சளியும் காய்ச்சலும் வந்த சிறுபிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவதுதான். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். அதுவரை, தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோலத்தான் கேட்கும். இரைச்சலான அறையில் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேசினால் சரியாகக் கேட்காது.

கேக்கல ஆச்சி. பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் உண்டு, முப்பத்தோரு வருஷ டீச்சரான நான் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். அவன் என் வாயையே பார்த்தது ஏன் என்று யோசிக்கவில்லை. அதை நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பள்ளியிலிருந்து வாங்கிய நகல்களை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினோம். ஒரு பக்கம் ஐந்து காய்ச்சல் பதிவுகள், இன்னொரு பக்கம் மூன்று கடி அறிக்கைகள். இரண்டாம் கடியும் மூன்றாம் கடியும் ஒவ்வொரு காய்ச்சலுக்கு அடுத்த வாரம் வந்திருந்தன. ‘சொன்னால் கேட்பதில்லை’ மூன்று முறை. எல்லாம் எழுதியிருந்தது, எதுவும் விட்டுப்போகவில்லை. உடம்பைப் பற்றியது ஒன்பதாம் பக்கத்துக் கோப்பில் இருந்தது. நடத்தையைப் பற்றியது இருபத்துநான்காம் பக்கத்துக் கோப்பில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒருவரும் வாசிக்கவில்லை. அந்தப் பள்ளியின் பதிவேடுகளைப் போல் முழுமையானது நான் பார்த்ததில்லை என்று முதலில் எழுதினேனே, அதை மாற்றப்போவதில்லை.

பாளையங்கோட்டைக்காரிக்கு இது இன்னும் கொஞ்சம் வலிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புளோரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரி அம்மையார் எங்கள் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். ஊரில் யாரும் சேர்க்காத பிள்ளைகளைத்தான் சபை முதலில் சேர்த்தது. எங்கள் வீட்டு வழியாகக் கைகளால் பேசிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். சபைப் பள்ளி என்றால் எனக்கு அர்த்தம் அதுதான். அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய சட்டம் வந்தது. தனியார் பாலர் பள்ளிகளும் குறையுள்ள பிள்ளையைத் தக்க ஏற்பாட்டோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அதிலிருந்து விலக்குப் பெற்றவர்களில் சபைகளும் சபைகள் நடத்துகிற நிறுவனங்களும் உண்டு. யாரும் சேர்க்காத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வந்தவர்களுக்கு, சேர்க்காமல் இருக்கச் சட்டம் அனுமதி கொடுத்திருக்கிறது. அந்த அனுமதியை ஒரு சபை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கிற தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பக்கத்துச் சபையின் பாலர் பள்ளியில் சேர்க்கிறோம், கட்டணம் குறைவு, நல்ல மனிதர்கள் என்று நீங்கள் சொல்வது சரி, அவர்கள் நல்ல மனிதர்கள்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன் உரிமம் உண்டா, ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை, கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். பிள்ளைக்குப் பேச்சு தாமதமாக இருந்தால், சொன்னது கேட்கவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் காதைப் பரிசோதியுங்கள். மூன்று வயது முடிந்த பிள்ளையை உங்கள் ஊர்ப் பொதுப்பள்ளி மாவட்ட அலுவலகம் இலவசமாகப் பரிசோதிக்கும். குறை இருந்தால் உதவியும் அவர்களே தர வேண்டும், அது சட்டம். எந்த விசாவில் இருக்கிறோம் என்று பயந்து தயங்காதீர்கள். எங்கள் பேரனின் பெயரை அங்கே பதிந்திருக்கிறோம். முதல் நாள் அந்த அலுவலகத்துப் பெண் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசினார். அவன் பதில் சொன்னான்.